ஐஸ் ரூமில் வேர்த்தவள்

இறாலின் முதுகுக்குள் கறுப்பாக ஒரு நூல் ஓடும். கம்பெனிக்காரர்கள் அதை நரம்பு என்பார்கள். நரம்பாவது நாடியாவது. இறால் தின்றதைச் செரித்து, வெளியே தள்ள நேரம் கிடைப்பதற்குள் வலையில் மாட்டிக்கொண்டதால் உள்ளேயே தங்கிப்போன பீ அது. பத்தொன்பது வருஷமாக அடைக்கலமேரி அதைத்தான் நகத்தால் கிள்ளி இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைத் தண்ணியில் ஒரு முக்கு முக்கிவிட்டு, அதே கையால் பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்பாள். தலையைத் திருகும்போது மூஞ்சியில் பீச்சியடிக்கும் மஞ்சள் குழம்பைப் புறங்கையால் வழித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் குமட்டிக்கொண்டு ஓடினால், "இன்னா, நீ பொறந்தப்போ பன்னீர்லயா முக்கி எடுத்தாங்க?" என்று கேட்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பத்தேழாவது வயதில் அருவருப்பு வந்தது. இறால் மேல் இல்லை. அவள் உடம்பின் மேலேயே.

கம்பெனி ராயபுரத்தில் இருந்தது. கன்டெய்னர் லாரிகள் நாள் பூரா ஒன்றின் பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிற ரோட்டில், நீலத் தகர கேட்டுக்குப் பின்னால். முன்பெல்லாம் சிமெண்ட் தரையில் குந்திக்கொண்டுதான் உரித்தார்கள். காக்கா வந்து ஒன்றிரண்டு தூக்கிக்கொண்டு போகும், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பிறகு ஏதோ வெளிநாட்டுக்காரன் 'உங்கள் இறால் சுத்தமில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டானாம். அதற்குப் பிறகு ரெண்டு வருஷமாகச் சுத்தம் பேயாகப் பிடித்து ஆட்டியது. வெள்ளை டைல்ஸ் வந்தது. எவர்சில்வர் மேசை வந்தது. ஹால் முழுக்க ஊட்டி மாதிரி குளிர வைக்கும் மெஷின் வந்தது. வெள்ளை கோட்டு, தலைக்குத் தொப்பி, முட்டிவரை ரப்பர் பூட்ஸ், வாசலில் குளோரின் தண்ணித் தொட்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு அதில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இத்தனை சுத்தத்திலும் தப்பித்துக்கொண்டது பெண்களுக்கான கக்கூஸ் மட்டும்தான். அறுபது பேருக்கு ஒன்று. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வலைக்கயிறு ஒன்றைப் பிடித்து உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டே உட்கார வேண்டும். வெளிநாட்டுக்காரன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான் என்று கம்பெனிக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் ஸ்டானிஸ்லாஸுக்கு வயது இருபத்தெட்டு. மீன் நாற்றத்தில் டை கட்டிக்கொண்டு நடமாடுகிற ஒரே ஆள் அந்த ரோட்டில் அவன்தான். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பான், நுனியில் ஊசி, தலையில் நம்பர் காட்டுகிற சின்னக் கண்ணாடி. போகிற வருகிற இடமெல்லாம் அதை இறாலில் குத்திப் பார்ப்பான். நாலு டிகிரிக்கு மேல் காட்டினால், "யாரு டேபிள் இது? ஐஸ் போடறதுக்குக் கை நோவுதா?" என்று கத்துவான். இவன் அடைக்கலமேரி தெருவில் வளர்ந்த பையன். இவனுடைய ஞானஸ்நானத்துக்குப் போய் ரெண்டு தட்டு பிரியாணி தின்றவள் அவள். இவனுடைய அம்மா நோவில் கிடந்தபோது இவனுக்குக் கால் கழுவிவிட்டவளும் அவள்தான். இப்போது அவளை "இந்தாம்மா" என்று கூப்பிடுகிறான். அவளும் "சார்" என்கிறாள்.

வாசலில் ஒரு போர்டு தொங்கியது. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது. அதற்குக் கீழே ஸ்டானிஸ்லாஸ் சொந்தமாக ஒரு சட்டம் போட்டிருந்தான், எழுதாத சட்டம். முதல் தடவை வீட்டுக்கு. ரெண்டாவது தடவையும் வீட்டுக்கு. மூன்றாவது தடவை, ஆள் கணக்கு எழுதுகிற மஸ்டர் நோட்டில் பெயருக்குக் குறுக்கே கோடு.

ஆனி மாசத்தில் ஒரு நாள் முதல் வேர்வை வந்தது.

பக்கத்து மேசை ஹஃப்சா, கோட்டுக்கு உள்ளே வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டும் பல் கிட்டித்துக்கொண்டிருந்தாள். எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது. அடைக்கலமேரியின் கை முழங்கைவரை ஐஸுக்குள் இருந்தது. திடீரென்று அடிவயிற்றில் யாரோ ஸ்டவ் பற்றவைத்த மாதிரி ஒன்று கிளம்பியது. கிளம்பி நெஞ்சுக்கு ஏறி, கழுத்துக்கு ஏறி, காது மடலில் போய் நின்று எரிந்தது. தொப்பிக்கு அடியிலிருந்து தண்ணி வழிந்து மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக நின்றது. ஒரு சொட்டு இறால் மேல் விழுந்தது.

"மேரிக்கா, இன்னாக்கா, அடுப்பாண்ட ஒக்காந்தா மாரி கீற?" என்றாள் ஹஃப்சா.

"கம்முனு உரிடி."

கம்மென்று இருந்தாலும் ஸ்டானிஸ்லாஸுக்குக் கண் இருக்கிறதே. வந்தான். அவள் நெற்றியைத் தொடவில்லை, தொட்டால் அவன் கைக்குச் சுத்தம் போய்விடும். தூர நின்றே, "ஜுரமாம்மா? கோட்டைக் கழட்டிட்டு வூட்டுக்குப் போ. சரக்கு மேல வேர்வை சொட்டுது, கருமம்" என்றான். ஒன்பது நாள் கழித்து மறுபடியும் அதே கதை. "ரெண்டாவது தபா" என்று ரெண்டு விரலைக் காட்டினான்.

அடைக்கலமேரி மனசுக்குள் மூன்றாவது விரலையும் எண்ணிப் பார்த்தாள். அவள் புருஷன் ராசையா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கன்டெய்னர் வந்த பிறகு மூட்டையும் இல்லை, தூக்குகிற முதுகும் இல்லை. வாசலில் குந்திக்கொண்டு பீடி வலிப்பதும் போகிற லாரியின் நம்பரைப் படிப்பதும்தான் இப்போது அவர் உத்தியோகம். மஸ்டர் நோட்டில் குறுக்குக் கோடு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்புக்கும் சேர்த்துக் கோடு விழும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஐஸ் கொட்டுகிற குழாய்க்குப் பக்கத்து முதல் மேசை பத்தொன்பது வருஷமாக அவளுடைய இடம். கம்பெனியில் அவளைவிட வேகமாக உரிக்க ஆள் கிடையாது. அவள் உரித்தால் இறால் தானாகவே சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரி இருக்கும்.

மலேரியாவாக இருக்கும் என்று தெருவே தீர்ப்பு சொன்னது. கார்ப்பரேஷன் மலேரியாக்காரன் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனான். மலேரியா இல்லை என்று வந்தது. இருந்தும் ஒரு நம்பிக்கைக்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்த கசப்பு மாத்திரையை ஒரு வாரம் முழுங்கினாள். உடம்பெல்லாம் அரிப்பு எடுத்ததுதான் மிச்சம். வேர்ப்பதோடு சொறியவும் சொறிந்தாள். வேர்வை கிளம்புகிறபோதெல்லாம் ஸ்டானிஸ்லாஸ் கண்ணில் படாமல் கக்கூஸுக்கு ஓடினாள்.

வேர்வையோடு விட்டதா? மாசா மாசம் வருகிற தூரம் ரெண்டு மாசம் எட்டிப் பார்க்கவில்லை. ராசையா அதைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து, கிட்டே நகர்ந்து வந்து, இருக்கிற அஞ்சாறு பல்லையும் காட்டி, "இன்னாமே, முழுகாம கீறியா?" என்றார்.

"தூ! பேரன் எடுக்கற வயசுல பேச்சப் பாரு."

"இல்லமே, சந்தோசத்துலதான் கேட்டேன்."

"நீ சந்தோசப்படற மாரி ஒண்ணும் நடக்கலியே, எந்தக் கணக்குல கேக்கற?"

சமீபமாக அவர் கை மேலே பட்டாலே அவளுக்கு எரிந்தது, நிஜமாகவே எரிந்தது. உள்ளே எல்லாம் வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி வறண்டு போயிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எந்த வார்த்தையும் அவளிடம் இல்லாததால், "உன் பீடி நாத்தம் கொமட்டுது" என்று சொல்லிப் பாயை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாவம், மனுஷன் ஒரு வாரம் பீடியை விட்டுப் பார்த்தார்.

மூன்றாவது மாசம் வந்தது. வந்தது என்றா சொல்வது? மெட்ரோ தண்ணி லாரியில் குழாயைப் பிடுங்கின மாதிரி கொட்டியது. கட்டி கட்டியாக, கறிக்கடையில் கிலோ போடுகிற ஈரல் மாதிரி. நாலு நாளில் நிற்கிற சங்கதி பதினோரு நாள் போனது. லாரித் தண்ணி வீட்டுக்கு மூன்று குடம்தான். அதில் குடிக்கவா, சமைக்கவா, துணி அலசவா? மீன் கழுவின தண்ணியை எடுத்துவைத்து அதில் முதல் அலசு அலசினாள். டிரம்முக்குப் பின்னால், பழைய புடவைக்கு அடியில், வெயில் படாத மூலையில் அந்தத் துணிகள் காயாமல் ஈரமாகவே நாறிக்கொண்டு கிடந்தன. மறுநாள் அதையேதான் திரும்பக் கட்ட வேண்டும். இறாலின் பீயைப் பார்த்து ஒரு நாளும் மூக்கைச் சுளிக்காதவள், அந்த மூலைக்குப் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனாள். இதுதான் தன் நாற்றமா என்று இருந்தது. அழுகின சரக்கு வந்தால் ஸ்டானிஸ்லாஸ் கூடையோடு வெளியே கொட்டச் சொல்வான். அப்படித் தன்னையும் யாராவது கொட்டிவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

தெருவில் வைத்தியத்துக்கா பஞ்சம்? ஹஃப்சாவின் மாமியார் காத்தூன் பீவி, "அது சூடும்மா, வெந்தயத்த மோர்ல ஊறப்போடு" என்றது. குழாயடியில் ஒருத்தி, "கர்ப்பப்பையை எடுத்துடு மேரி, ஒரே பேஜாரு, ஒரே நாள்ல தீந்துடும். எனக்குத் தெரிஞ்ச நர்சிங் ஹோம் கீது, நானே இட்டுகினு போறேன்" என்றாள். அவள் அப்படி நாலு பேரை இட்டுக்கொண்டு போனவள். ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் ஐஸ் குழாய்க்குப் பக்கத்திலேயே அடைக்கலமேரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஹஃப்சா தாங்கிப் பிடித்தாள். யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் பிரியாணி வாசனையைத் தேடிப் போக, தேவப்பிரியம் சிஸ்டர் வீட்டுக்குப் போனாள் அடைக்கலமேரி. ரெண்டு தெரு தள்ளியிருக்கிற சுகாதார நிலையத்தில் வேலை செய்கிற நர்ஸ் அந்த சிஸ்டர். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டு ஊசி போட்டு, தெருவில் நடந்தால் குழந்தைகள் ஓடி ஒளியும்.

சிஸ்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. நாக்கைப் பார்த்தார். பிறகு கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். அடைக்கலமேரி தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"உனக்கு ஜுரமும் இல்ல, சூனியமும் இல்ல. தூரம் நிக்கப் போகுது, அதான்" என்றார் சிஸ்டர். "நிக்கறதுன்னா ஒரே நாள்ல சுவிட்சை அணைச்சா மாதிரி நிக்காது. மாசா மாசம் முட்டை விடற சினைப்பைக்கு வயசாயிடுச்சு. ஹார்மோன்னு ஒண்ணு அதுல சுரக்கும். இத்தனை வருஷம் அளவா சுரந்துச்சு. இப்போ ஒரு மாசம் கொட்டும், ஒரு மாசம் காஞ்சு போகும். ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி தெருலைட்டு பளிச்சுன்னு எரிஞ்சு மங்கி எரிஞ்சு ஆட்டம் காட்டுதில்ல, அது மாதிரி. அதனாலதான் ரெண்டு மாசம் இல்லாம மூணாவது மாசம் கொட்டுச்சு."

"வேர்க்குறது?"

"தலைக்குள்ள உடம்பு சூட்டைப் பார்த்துக்கற இடம் ஒண்ணு இருக்கு. ஹார்மோன் ஏறி எறங்கறதுல அது குழம்பிப் போயிடும். சூடே இல்லாதப்போ சூடுன்னு நினைச்சு வேர்வையைத் தொறந்து விட்டுடும். ஜுரம் மாதிரி தெரியும், ஜுரம் கிடையாது. எரியறதும் வறண்டு போறதும் இதேதான். அதுக்கும் மருந்து இருக்கு, வெட்கப்படாம கேளு."

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வந்தால், 'நீங்களே வீட்ல படிச்சிக்குங்க' என்று வாத்தியார் நாலு பக்கத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடுவார். அடைக்கலமேரி படித்த மூன்றாம் கிளாஸில் அந்தப் பக்கமே கிடையாது. அதனால் அவளுக்கு இது புதுசு. தன் உடம்பில் தெருலைட்டு இருக்கிறது என்பதே புதுசு.

"அப்போ கர்ப்பப்பைய எடுத்துட்டா?"

"யார் சொன்னா? குழாயடியா? பரிசோதனை பண்ணாம எவ கூப்பிட்டாலும் போகாதே. பதினோரு நாள் கட்டி கட்டியா போனதால கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்கேன் ஒண்ணு பாத்துடலாம், அது அவசியம். பல பேருக்கு மாத்திரையிலயே சரியாகும். சுத்தமா ஒரு வருஷம் நின்னு போன பிறகு மறுபடியும் ஒரு சொட்டு பட்டாலும் சும்மா இருக்காதே, உடனே வா. இப்போ உனக்கு ரத்தமே இல்ல. இந்த இரும்புச் சத்து மாத்திரையைத் தினம் சாப்பிடு. வெளிக்குக் கறுப்பா போகும், பயப்படாதே."

"எறா நரம்பு மாதிரியா சிஸ்டர்?"

விஷயம் புரிந்ததும் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடைக்கலமேரியும் சிரித்தாள். ரெண்டு மாசத்துக்கப்புறம் அன்றைக்குத்தான்.

"சூப்பர்வைசருக்குச் சீட்டு எழுதித் தரட்டுமா? இது ஜுரமில்லன்னு?"

"ஐயையோ, வாணாம் சிஸ்டர்."

ஸ்டானிஸ்லாஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் சீட்டுக் கொடுத்தாலும், இங்கிலீஷ் தெரியும் என்று காட்டுவதற்காக ஹால் நடுவில் நின்று சத்தமாகப் படிப்பான். ஐஸ் தள்ளுகிற ஆம்பளைகள், வாட்ச்மேன், லாரி டிரைவர், எல்லாரும் கேட்பார்கள். அவனுக்குக் கால் கழுவிவிட்டவளின் தூரக் கணக்கை அவன் வாயால் படிக்கக் கேட்பதைவிட மலேரியாவே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊறுகாய் வாங்கின பிளாஸ்டிக் கவரைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். காலையில் குழாயிலிருந்து ஒரு கைப்பிடி ஐஸை அதில் போட்டு முடிச்சுப் போட்டு, கோட்டுக்குள் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டாள். அடிவயிற்றில் ஸ்டவ் பற்றும்போது கவர் அதை நெஞ்சிலேயே மறித்தது. உருகிப்போனால் கக்கூஸில் கொட்டிவிட்டு வேறு ஐஸ். ஹஃப்சா மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே, "உன்னப் பாத்தாலே எனக்குச் சளி புடிக்குதுக்கா" என்றாள். மூன்று வாரம் ஸ்டானிஸ்லாஸின் கண்ணில் ஒரு சொட்டு வேர்வை படவில்லை.

சாயங்கால கேட்டில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. அங்கே டோரதி இருந்தாள்.

டோரதிக்கு வேலை தடவிப் பார்ப்பது. இறால் திருட்டுப் போகாமல் இருக்க, சங்கு ஊதினதும் அறுபது பெண்களும் வரிசையில் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அக்குள், இடுப்பு மடிப்பு, ஜாக்கெட், கொண்டை, ஒன்றையும் விடமாட்டாள். ஐம்பதை நெருங்குகிறவள், சிரித்ததைக் கண்டவர் இல்லை. கையில் மஞ்சள் ரப்பர் கையுறை. அறுபது பேருக்கும் அதே ஒரே ஜோடிதான். கடைசியில் நிற்கிறவள் நெஞ்சுக்கு அது வரும்போது ஐம்பத்தொன்பது பேர் வேர்வையும் அதில் கொழகொழவென்று இருக்கும். உள்ளே குளோரின் தொட்டி வைத்த கம்பெனிக்கு இங்கே மட்டும் சுத்தம் நினைவுக்கு வராது. கம்பெனியிலேயே அடைக்கலமேரிக்குக் குமட்டுகிற ஒரே சாமான் அந்தக் கையுறைதான். அது மேலே படும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடித்துவிடுவாள்.

கெட்ட காலம் எப்போதும் மூன்றையும் ஒரே நாளில்தான் கூட்டி வரும். அன்றைக்கு ஊறுகாய்க் கவர் ஓட்டையாகிவிட்டது. அவசரத்துக்கு மேசைக்கு அடியில் கிடந்த கம்பெனிக் கவரை எடுத்தாள். குழாயில் ஐஸ் தீர்ந்திருந்தது, மேசை மேலிருந்த ஐஸையே அள்ளிப் போட்டாள். சங்கு ஊத கால் மணி இருக்கும்போது திடீரென்று தூரம் கொட்ட ஆரம்பித்தது. கக்கூஸில் ஒரு கையால் வலைக்கயிற்றை இழுத்துக்கொண்டு இன்னொரு கையால் துணியை மாற்றிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதிவிட்டது. தொடையில் வழிந்ததைத் துடைக்கிற கவலையில் நெஞ்சில் இருந்ததை மறந்துபோனாள்.

மஞ்சள் கையுறை வந்தது. நின்றது. உள்ளே போய், சில்லென்று ஒரு பொட்டலத்தை உருவியெடுத்தது.

கம்பெனிப் பெயர் போட்ட கவர். உள்ளே பாதி உருகின ஐஸ். ஐஸுக்கு அடியில், தலையில்லாமல், நரம்பெடுத்து, வெள்ளை வெளேரென்று ஒரு இறால்.

டோரதி கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஸ்டானிஸ்லாஸ் ஓடி வந்தான்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"எறா இல்ல சார். ஐஸு."

"ஐஸ்ல எறா தானா மொளைச்சுதா?"

"டேபிள் ஐஸ அள்ளிப் போட்டேன், ஒண்ணு மாட்டிகிச்சு. ஒரே ஒரு எறாவுக்காவ எவளாவது நாள் பூரா மாருல ஐஸக் கட்டிகினு நிப்பாளா?"

"அப்போ ஐஸ் எதுக்கு?"

என்ன சொன்னாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று அப்போதுதான் அடைக்கலமேரிக்கு உறைத்தது. வேர்க்கிறது என்று சொன்னால் மூன்றாவது ஜுரம், கோடு. சொல்லாவிட்டால் திருடி, அதற்கும் கோடு.

"வேர்க்குது சார், அதுக்குத்தான்" என்றாள் ஹஃப்சா பின்னாலிருந்து. உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவி.

"பாத்தியா, ஜுரம்! ஜுரத்த மறைச்சிகினு சரக்கத் தொட்டிருக்கா. மூணாவது தபா." பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தான். "மஸ்டர் நோட்ட எடுத்துட்டு வாங்கப்பா."

அந்த நேரம் பார்த்துத்தான் அடிவயிற்றில் ஸ்டவ் பற்றியது. மறிக்க ஐஸ் இல்லை. நெஞ்சு, கழுத்து, காது என்று வேகமாக ஏறியது. அறுபது பேருக்கு முன்னால், ஐஸ் தள்ளுகிற ஆம்பளைகளுக்கு முன்னால், அடைக்கலமேரியின் முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து, தண்ணி கோடு கோடாக வழிந்தது. ஸ்டானிஸ்லாஸ் ரெண்டு அடி பின்னால் போய்க் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான்.

அந்தக் கைக்குட்டைதான் தப்பு செய்தது.

அவள் எட்டி அவன் சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை உருவினாள். சற்று முன்தான் எதிலோ குத்தியிருந்தான், ஊசி முனையில் சளி மாதிரி ஒரு நூல் தொங்கியது. புடவையில் ஒரு துடைப்பு துடைத்து நாக்குக்கு அடியில் சொருகிக்கொண்டாள்.

"ஏய், ஏய், அது எறாவுக்கு!" என்று அலறினான்.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருஷ இறாலும் குளோரினும் நாக்கில் இறங்கியது. குமட்டியது. குமட்டலை முழுங்கிக்கொண்டு அவனையே பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிருக்கும். எடுத்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"படி. சீட்டெல்லாம் சத்தமா படிப்பியே, இத்தயும் படி."

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. "முப்பத்தாறு... புள்ளி ஒன்பது" என்றான்.

"மனுசங்களுக்கு முப்பத்தேழு வரைக்கும் சரியானதுதான் சார்" என்றாள் ஹஃப்சா. ஒன்பதாவது வரை படித்தது அன்றைக்குத்தான் அவளுக்கு உபயோகப்பட்டது. "ஜுரமே இல்ல."

ஸ்டானிஸ்லாஸ் நம்பரைப் பார்த்தான். மழையில் நனைந்தவள் மாதிரி நிற்கிற அடைக்கலமேரியைப் பார்த்தான். "அப்போ... இது இன்னாது?" என்றான். சூப்பர்வைசர் குரல் போய், தெருப் பையன் குரல் வந்துவிட்டது.

"எனக்கு தூரம் நிக்கப் போவுதுடா. நிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒடம்பு கூத்துக் கட்டும். நெருப்பு புடிச்சா மாரி வேர்க்கும், ஆட்ட வெட்டினா மாரி கொட்டும். ஜுரமும் இல்ல, ஒட்டிக்கற சீக்கும் இல்ல. வூட்டுக்குப் போயி உங்கம்மாவக் கேளு. போன கிறிஸ்துமஸ் குளிர்ல எதுக்கு ஃபேனுக்கு அடியில ஒக்காந்துகினு இருந்தான்னு கேளு. நாந்தான் பாத்தேன்."

ஐஸ் தள்ளுகிறவர்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அறுபது பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"அந்த எறாவ எடுத்துப் பாரு" என்றாள் அடைக்கலமேரி. "என் சூட்டுல வெந்தே போயிருக்கும்."

மஸ்டர் நோட்டு வந்தது. ஸ்டானிஸ்லாஸ் பேனாவையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தெர்மாமீட்டரை ரெண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்க் குளோரின் தொட்டியில் போட்டான். "போங்க, எல்லாரும் போங்க. நேரமாச்சு" என்றான். கோடு விழவில்லை.

விஷயம் அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ராயபுரத்தில் பஸ்ஸைவிட வேகமாகப் போவது அது ஒன்றுதான். ராசையா வாசலில் இல்லை. டீக்கடையில் எவனாவது கேலி பண்ணியிருப்பான், சண்டை இழுத்துக்கொண்டு வரப்போகிறார் என்று அடைக்கலமேரி உள்ளே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு மனுஷன் வந்தார். அந்தத் தெருவில் ஆம்பளை தண்ணிக் குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. பாதி வழியில் சிந்தி, வேட்டியெல்லாம் ஈரம்.

"லாரிக்காரன் தெரிஞ்சவன், ஒண்ணு கூட குடுத்தான். துணி அலசறதுக்கு வெச்சிக்க" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு டிரம்முக்குப் பின்னாலிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் வெயில் விழுகிற பக்கத்தில் கட்டினார்.

மறுநாள் காலை ஸ்டானிஸ்லாஸ் மஸ்டர் நோட்டைப் பார்த்தபடியே பெயர் கூப்பிட்டான். அடைக்கலமேரி என்று வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறி, "மேரியம்மா" என்றான். அவள் முதல் மேசைக்குப் போனாள். ஐஸ் குழாய் திறந்திருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்காமல் கவரில் ஒரு கைப்பிடி அள்ளிச் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் வரிசை. கடைசி ஆளாக நின்றாள். டோரதி ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அறுபதாவது ஆளிடம் வந்ததும் மஞ்சள் கையுறையைக் கழற்றி ஸ்டூல் மேல் போட்டாள். வெறுங்கை, வேர்வையில் ஊறி வெளுத்த கை, ஜாக்கெட்டுக்குள் போய்க் கவரை எடுத்தது.

டோரதியின் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. காதோரம் சிவந்திருந்தது. கடல்காற்று அடித்துக்கொண்டிருந்த கேட்டில் அவள் காக்கிக் கழுத்துப்பட்டை மட்டும் நனைந்து கறுத்திருந்தது. இன்னொருத்தி நெஞ்சில் நாள் பூரா கிடந்து, இறால் நாற்றமும் வேர்வை நாற்றமுமாக பாதி உருகிப் போன அந்தக் கலீஜ் கவரைக் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பின்னங்கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

"மூணு வருசமா கீதும்மே" என்றாள் டோரதி, கண்ணைத் திறக்காமல். "நாளைக்குக் கொஞ்சம் பெரிய கவரா எடுத்துகினு வா."